கால்வாய்க்காரர்களின் தோழி

இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுக்காரர்கள் தங்களில் ஒருத்தியாகவே வைத்துக் கொண்டாடிய ஒரு பெண்மணியைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன். பெயர் சோனியா ரோல்ட். 2014-இல், 95 வயதில் காலமானார்.

நாடகம் பயின்றவர் அவர். இரண்டாம் உலகப் போரில் படகோட்ட ஆள் போதாமல் பெண்களைச் சேர்த்தபோது துணிந்து போனார். லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு இரும்பு போன்ற சரக்கு. திரும்பும்போது கவென்ட்ரிப் பக்கத்து நிலக்கரி. முன்னால் ஓர் இயந்திரப் படகு, அது இழுத்துப் போக இன்னொரு படகு, இரண்டிலுமாக ஐம்பது டன் சுமை. ஓட்டுவது மூன்றே பெண்கள். வழி நெடுக மதகுகள். படகை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குப் போகவேண்டும். கதவைத் தள்ளுவதும் அவர்கள்தான்.

படகின் நீளம் எழுபது அடி. அகலம் ஏழே அடி. சரக்குக்கு இடம் விட்டது போக, பின்பக்கம் சின்னதாக ஒரு அறை. அதிலே கரி அடுப்பு. அலமாரிக் கதவைக் கீழே மடக்கினால் சாப்பாட்டு மேசை. இரவில் இன்னொரு அலமாரிக் கதவைக் குறுக்கே விரித்தால் கட்டில். சுவரிலும் தண்ணீர்க் குடத்திலும் ரோஜாப் பூவும் கோட்டையுமாக வண்ணச் சித்திரம். சோனியாவுக்கு அது போர்க்காலப் பணியிடம். பரம்பரைப் படகுக்காரர்களோ அதற்குள்ளேயே பிள்ளை பெற்று வளர்த்து ஆளாக்கினார்கள்.

போர் முடிந்தது. கூட வந்த பெண்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். இவர் 1945-இல் ஜார்ஜ் ஸ்மித் என்ற படகோட்டியை மணந்து, படகிலேயே தங்கிவிட்டார். ஜார்ஜுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஓரிடத்தில் நில்லாத பிழைப்பில் பள்ளிக்கூடம் ஏது? கூலிக்காகவும் வசதிக்காகவும் அந்த மக்களுக்காக வாதாடியவர் சோனியா. அந்த மணம் பின்னால் நிலைக்கவில்லை. கால்வாய்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற டாம் ரோல்ட்டோடு வாழ்க்கை அமைந்தது.

கால்வாய்களைக் காக்க 1946-இல் ரோல்ட்டும் ராபர்ட் ஐக்மனும் சேர்ந்து தொடங்கிய சங்கத்தில் பெரிய சண்டை மூண்டது. ஒரு மைல் விடாமல் எல்லாக் கால்வாயையும் மீட்கவேண்டும் என்பது ஐக்மன் கட்சி. சரக்குப் படகு இன்னும் ஓடும் கால்வாய்க்கே முதலிடம், அங்கேதான் குடும்பங்கள் பிழைக்கின்றன என்பது ரோல்ட் கட்சி. 1951-இல் ரோல்ட்டைச் சங்கத்திலிருந்தே நீக்கினார்கள். என்னைக் கேட்டால், அவர் சொன்னதே நியாயம்.

அப்புறம் லாரிகள் பெருகின. 1962-63 பனிக்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்துபோயின. ஏற்கெனவே நொடித்திருந்த சரக்குப் படகுத் தொழிலுக்கு அதுவே பேரிடி. குடும்பங்கள் கரையேறி வீடுகளில் குடியேறின.

கவென்ட்ரி அருகே ஹாக்ஸ்பரியில் ராபர்ட் லாங்டென் என்பவர் அதற்கு முன்பே இந்த மக்களைப் படம்பிடித்து வைத்திருந்தார். அந்தப் படங்களுக்குச் சோனியா உரை எழுதி, 1997-இல் ஒரு புத்தகம் வந்தது. கூடவே இருந்து பழகியவர் எழுதிய எழுத்து அது.

இன்று அந்தக் கால்வாய்களில் உல்லாசப் படகுகள் நிறைந்திருக்கின்றன. அதில் ஐக்மனுக்குப் பெரும்பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் லாங்டென் படத்தில் துணித்தொப்பியோடு நிற்கும் ஓர் அம்மாள் யார், எந்தப் படகுக்காரி என்று தெரியவேண்டுமென்றால், சோனியாவின் புத்தகத்தைத்தான் புரட்டவேண்டும்.