தென் துருவத்துக் கற்கள்



தென் துருவப் பந்தயத்தின் கதையை நீங்கள் அறிவீர்கள். நார்வே நாட்டு அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14-இல் அங்கே கொடி நாட்டினார். ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த ஸ்காட் நான்கு தோழர்களுடன் சென்று சேர்ந்தபோது 1912 ஜனவரி 17 ஆகிவிட்டது. அதை நான் விரித்துரைக்கப் போவதில்லை. தோற்றுத் திரும்பியவர்கள் வழியில் ஏற்றிக்கொண்ட ஒரு சரக்கைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். நாள்தோறும் சரக்குக் கணக்கு எழுதுபவனுக்கு வேறெதில் நாட்டம் செல்லும்?

ஐவரும் சறுக்கு வண்டியைத் தாமே இழுத்து வந்தனர். பிப்ரவரி 8-ஆம் நாள், பியர்ட்மோர் பனியாற்றின் கரையில், பக்லி மலையடிவாரத்தில் தங்கினர். டாக்டர் வில்சன் அங்கிருந்த பாறைகளை ஆராய்ந்தார். நிலக்கரிப் படலங்களும் இலைச் சுவடுகளும் தென்பட்டன. ஏறத்தாழ 16 கிலோ கற்களை வண்டியில் ஏற்றினர்.

அதன்பின் அவர்கள் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. பிப்ரவரி 17-இல் எவன்ஸ் இறந்தார். கிடங்குகளில் வைத்திருந்த டின்களில் மண்ணெண்ணெய் கசிந்து குறைந்திருந்தது; அஃதின்றிப் பனியை உருக்கிக் குடிநீர் பெறுதலும் அரிது. தம் பொருட்டு மற்றவர் தாமதிப்பதைப் பொறாத ஓட்ஸ், பனிப்புயலுள் நடந்து மறைந்தார். எஞ்சிய மூவரும் அடுத்த கிடங்கிற்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இப்பால் கூடாரத்தில் மாண்டனர். நவம்பரில் தேடிச் சென்றவர்கள் அவர்களைக் கண்டபோது அக்கற்களும் உடனிருந்தன.

இதை மடமை என்பாரும் உளர். பதினாறு கிலோவை இறக்கியிருந்தால் பிழைத்திருப்பர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களைக் கொன்றவை பசியும் குளிருமே.

அக்கற்களில் இருந்தது குளோசாப்டரிஸ் என்னும் மரத்தின் இலை. நாக்குப் போன்ற வடிவினது. 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதே இலை இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் முன்னரே கிடைத்திருந்தது. பனி மூடிய அக்கண்டத்தில் ஒரு காலத்தே காடுகள் செழித்திருந்தன என்பதற்கும், அது நம் நாட்டோடு ஒட்டிக் கிடந்தது என்பதற்கும் அக்கற்கள் சான்றாயின. அப்பழம்பெரும் நிலத்திற்குக் கோண்டுவானா என்று பெயர். நம் மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயரே அது!

நம் காலனிக்கு அருகில் ஜரியாவில் வெட்டி எடுக்கும் நிலக்கரியும் அந்தக் காட்டின் எச்சந்தான். சுரங்கத்தில் பணியாற்றும் நம் அன்பர் எவரேனும் இலை பதிந்த கல்லொன்றை வீட்டிற்குக் கொண்டுவந்தால், தாய்மார்கள் அதைக் குப்பையென்று எறிந்துவிட வேண்டா. வில்சன் எடுத்த கற்களை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் காத்து வருகிறார்கள்.