இரவல் நூலும் இரண்டு வாரத் தவணையும்

பள்ளி நூலகத்தைப் பயன்படுத்தும் முறைபற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம். "இதில் பேச என்ன இருக்கிறது? கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம், பிடித்த புத்தகத்தை எடுக்கலாம்" என்று நீங்கள் நினைக்கலாம். கதவு திறந்திருந்தால் என்கிறீர்களே, அங்கிருந்துதான் நாங்களும் தொடங்க வேண்டியிருக்கிறது.

கிள்ளான் வட்டாரத்தில் உள்ள எங்கள் பள்ளியின் பெயரில் இன்னும் 'தோட்டம்' என்ற சொல் இருக்கிறது, தோட்டம்தான் இல்லை. பால்மரங்கள் நின்ற இடத்தில் வரிசை வீடுகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை என்று தொடங்கிய தோட்டப் பள்ளிகளில் நூலகத்தை யார் நினைத்தார்கள்? ஆகவே, பிற்காலத்தில் எங்களுக்கென்று ஒரு நூலக அறை கிடைத்தபோது அதைப் பொன்போலக் காத்தோம். காத்தோம் என்றால் பூட்டி வைத்தோம். கண்ணாடி அலமாரி, அதற்குப் பூட்டு, சாவி அலுவலகத்தில். ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் ஒரு நூலும் குறையவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டோம்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவர் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து வெளியிட்டார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அடுத்து, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது. பயிற்சிக் கல்லூரியில் இவ்வைந்தையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள்தாம் நாங்கள்! முன்னொரு காலத்தில் ஐரோப்பாவில் நூல்களை மேசையோடு சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். நாங்கள் சங்கிலிக்குப் பதில் பூட்டுப் போட்டோம். வேற்றுமை அவ்வளவுதான்.

இப்பொழுது அலமாரி திறந்தாயிற்று. மாணவர்களே, நூலின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். அதிலுள்ள எண் விலையன்று. நூலின் வீட்டு முகவரி. டூயி என்னும் அமெரிக்கர் 1876-இல் வெளியிட்ட முறை அது. 500 என்று தொடங்கினால் அறிவியல். அதற்குள் 598 பறவைகள். தமிழ்மொழி பற்றிய நூல் 494.811-இலும், தமிழ் இலக்கியம் 894.811-இலும் இருக்கும். எண்ணுக்குக் கீழே நூலாசிரியர் பெயரின் எழுத்துகள். எடுத்துப் பார்த்த நூலை அவசரத்தில் வேறு தட்டில் செருகிவிடாதீர்கள். இடம் மாறிய நூலும் தொலைந்த நூலும் தேடுகிறவனுக்கு ஒன்றுதான். மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள். நூலகப் பொறுப்பு மாணவர்கள் அடுக்கிக்கொள்வார்கள்.

தேடும் நூல் இல்லையென்றால் ஆசிரியரிடம் கேளுங்கள். நம் பள்ளியில் இல்லாதது வேறு நூலகத்தில் இருக்கலாம். கோலாலம்பூர் துன் ரசாக் சாலையில் உள்ள தேசிய நூலகத்துக்கு, இந்நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளை வெளியிடுவோர் அனுப்பவேண்டும் என்று 1986-இல் சட்டமே வந்திருக்கிறது. தமிழ் நூல்களும் அதில் அடங்கும்.

இனி இரவல் விதிகள். எங்கள் பள்ளியில் ஒருவருக்கு இரண்டு நூல்கள், இரண்டு வாரத் தவணை. வேறொருவர் கேட்டு வைக்கவில்லையென்றால் தவணையை நீட்டிக்கலாம். அகராதி, கலைக்களஞ்சியம் போன்றவை வீட்டுக்குப் போகா. ஒரே நாளில் பத்துப்பேர் புரட்டுகிற நூல்கள் அவை. தவணை என்பது உங்களை விரட்டுவதற்காக அன்று. உங்களுக்குப் பின்னால் ஒருவன் அதே நூலுக்காக நிற்கிறான், அவனுக்காக.

இந்த விதிகளோடு இன்னொன்றும் எங்கள் சுவரில் தொங்கியது. "நூலைத் தொலைத்தவர் அதே நூலை வாங்கித் தரவேண்டும்." எழுதியவர்கள் நாங்கள்தாம்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதியை ஒட்டிப் பெய்த பெருமழையில் கிள்ளானும் ஷா ஆலமும் எப்படி மூழ்கின என்பது உங்களுக்குத் தெரியும். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், விடுமுறையில் படிக்கப் பறவைகளைப் பற்றிய நூல் ஒன்றை எடுத்துப் போயிருந்தான். அந்த 598-ஆம் தட்டு அருகிலேயே எப்போதும் நிற்பவன். பள்ளி திறந்தபின் அவனை நூலகத்தில் காணோம். வாசிப்பில் ஆர்வம் குறைந்துவிட்டது போலும் என்று நாங்கள் குறிப்பேட்டில் எழுதினோம். இரண்டு மாதம் அப்படியே போனது.

பிறகு பொறுப்பு மாணவி ஒருத்திதான் எங்களிடம் சொன்னாள். வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மெத்தை, அரிசி, பள்ளிச் சீருடை எல்லாவற்றோடும் அந்த நூலும் போயிற்று. சுவரில் எழுதியிருந்ததை நம்பி அவன் தந்தை கிள்ளான் கடைகளில் தேடினார்; பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரயில் ஏறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கேட்டிருக்கிறார். சென்னையில் பல ஆண்டுகளுக்கு முன் அச்சான நூல், கிடைக்குமா? கிடைக்கவில்லை என்று வந்து சொல்லவும் அவருக்குக் கூச்சம். வீட்டையே கழுவித் துடைத்துக்கொண்டிருந்த மனிதரை, இருபது வெள்ளி பெறாத ஒரு நூலுக்காக அலையவிட்டிருக்கிறோம். அலமாரிப் பூட்டைக் கழற்றிய நாங்கள் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டியிருந்தோம்.

அந்த வரியை எடுத்துவிட்டோம். "நூலுக்கு என்ன நேர்ந்தாலும் முதலில் வந்து சொல்லுங்கள்" என்று எழுதி வைத்தோம். வெள்ளம், தீ போன்றவற்றில் போன நூலைப் பதிவேட்டில் கழித்துவிடுகிறோம். கவனக்குறைவால் தொலைத்தவர்கள், அதற்கீடாக வேறொரு நல்ல நூல் தரலாம். இதனால் நூல்கள் நிறையத் தொலையும் என்று எங்களில் சிலர் பயந்தார்கள். ஆண்டுக்குச் சில குறையத்தான் செய்கின்றன. குறையட்டும். பெற்றோர்களே, நூல் கிழிந்தாலும் நனைந்தாலும் பிள்ளையை அடித்து ஒளித்துவைக்கச் செய்யாதீர்கள், பள்ளிக்கு அனுப்பிவையுங்கள்.

அவனை நாங்களே அழைத்துவந்தோம். நெடுநேரம் 598-ஆம் தட்டருகே நின்றான். மீன்கொத்தி அட்டைப்படம் போட்ட ஒரு நூலை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தான். தவணைத் தாளில் தேதி முத்திரை குத்திக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.

"என்னப்பா?" என்று கேட்டோம்.

"ஐயா, ஒரு பிளாஸ்டிக் பை இருக்குமா?" என்றான்.