தேயிலை மலையும் தேனீயும்



மொழியியல் பயின்ற நாம் தேனீயைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகலாம். ஆயினும் இப்பொருளில் தமிழ் வறியதன்று. சங்கப் பாடல்களில் வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி எனப் பல பெயர்கள் உள; தேனடைக்கு இறால் என்னும் தனிச்சொல் உண்டு. தொல்காப்பிய மரபியல் தும்பியை நான்கறிவுயிராக வகுத்துள்ளது. இன்றைய வழக்கிலும் மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ என்னும் பாகுபாடு நிலவுகிறது. கொட்டாத கொசுத்தேனீ இனத்தை மலாய்மொழி கெலுலுட் என்கிறது.

இச்சொற்களுக்கு உரிய உயிர்கள் கேமரன் மலையில் எந்நிலையில் உள்ளன? 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் அளந்தறிந்த இம்மலையில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை அழித்துத் தேயிலை நட்டதிலும் கொழுந்து கிள்ளியதிலும் தமிழர் உழைப்புப் பெரிது. கொழுந்தைத் தொடர்ந்து கிள்ளிக் கவாத்தும் செய்வதால் தேயிலைச் செடி பூப்பது அரிது. பசுமையாகத் தோன்றும் அச்சரிவு, தேனீக்குப் பெரும்பாலும் உணவற்ற நிலமே. இலைக்காக வளர்க்கும் பயிருக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை. ஆதலின் தேனீ குறைந்தாலும் தேயிலை விளைச்சல் அதனை நமக்கு உணர்த்தாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இழப்பை உணர்த்துவன பிற பயிர்கள். ஸ்ட்ராபெரியின் மேலுள்ள விதைகள் பல கருவுறாவிடின் பழம் கோணலாகும். தக்காளிப் பூவோ அதிர்ந்தாலன்றி மகரந்தத்தை எளிதில் உதிர்க்காது. பறப்புத் தசைகளை அதிரவைக்கும் தச்சுத்தேனீ அதனை உதிர்க்கும், அடுக்குத்தேனீயால் அஃது இயலாது. நெகிழிக் கூடாரம் மூடிய வயலில் இவ்வுயிர்கள் நுழைவதற்கும் வழியில்லை.

தேனீயினங்கள் பலவும் பெட்டியில் வாழ்வன அல்ல. மரப்பொந்தும் பட்டமரமும் வெறுமண்ணும் அவற்றின் இல்லங்கள். சிறு கொசுத்தேனீ சில நூறு மீட்டருக்கு அப்பால் இரைதேடிச் செல்வது அரிது. எனவே பிரிஞ்சாங் உச்சியில் காடு எஞ்சியிருப்பது மட்டும் போதாது. தோட்டங்களுக்கிடையே ஓடைக்கரையும் செங்குத்துச் சரிவும் தொடர்ச்சியான மரப்பட்டைகளாக நிற்றல் வேண்டும். அவை மண்ணையும் பிடித்து நிறுத்தும். சரிவுகளிலிருந்து வழிந்த மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை நிரப்பியிருந்ததையும், 2013 அக்டோபரில் அணைநீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியானதையும் நாம் மறத்தலாகாது. தேனீக்கு விடும் நிலம் மனிதனுக்கும் அரணாகும்.

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவன இரண்டு. பள்ளி வளாகத்தில் களைக்கொல்லி தெளிக்காத ஒரு பகுதியை ஒதுக்குங்கள். அங்கு வரும் பூச்சிகளை மாணவர்கள் ஆண்டு முழுதும் எண்ணிப் பதியட்டும். தோட்டத்து முதியோரிடம் சென்று, அவர்கள் அறிந்த தேனீ, பூ, மரப் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். இவ்விரு பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெயர் மட்டும் எஞ்சிய உயிர் எது, உயிர் இருந்தும் பெயர் மறந்தது எது என்பது விளங்கும். நிலத்தைக் காக்குமாறு தோட்ட நிருவாகத்திடமும் மாவட்ட அலுவலகத்திடமும் வேண்டுவதற்கு அப்பட்டியலே சான்றாகட்டும்.