செக்றோல் பிறந்த கதை

(திருகோணமலையில் நடந்த தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



எழுத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எழுத்து என்றதும் நமக்குப் புலவரும் ஏடும் நினைவுக்கு வரும். ஆனால் நாம் அறிந்த மிகப் பழைய எழுத்துகளைப் பார்த்தால், அங்கே இருப்பவர் கணக்கப்பிள்ளைதான்.

இன்றைய ஈராக்கில் ஊருக் என்றொரு நகரம் இருந்தது. அங்கே 5,000 ஆண்டுகளுக்கு முன் ஈரக் களிமண் பலகையில் நாணற்குச்சியால் கீறி எழுதினார்கள். கிடைத்த பலகைகளில் பெரும்பகுதி வாற்கோதுமை எவ்வளவு, ஆடு எத்தனை, யாருக்கு எவ்வளவு படி அளந்தது என்ற கணக்கு. ஒரு தலை, அதன் வாயருகே ஒரு கிண்ணம்: உணவு, பங்கீடு என்பதற்கு அவர்கள் போட்ட குறி அது. ஊர் சிறிதாய் இருந்தவரை யார் எவ்வளவு வாங்கினார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆயிரமாயிரம் பேர் ஒரே களஞ்சியத்தில் கூலி வாங்கும் நகரத்தில் அது நடக்காது. ஆகவே எழுதினார்கள். எழுதத் தெரிந்தவன் களஞ்சியத்தின் வாசலில் அமர்ந்தான். நமது பிரட்டுக்களத்தில் யார் கையில் புத்தகம் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எகிப்துக்கு வருவோம். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளருக்கென்றே ஒரு ஊர் இருந்தது. இன்று அதைத் தேர் எல் மெதீனா என்கிறார்கள். அங்கே கிடைத்த ஒரு கல்துண்டு இப்போது லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 40 பேரின் பெயர், 280 நாள் கணக்கு, வராத நாளுக்குக் காரணம். ஒருவரைத் தேள் கொட்டியது. ஒருவருக்குக் கண்நோய். இன்னொருவர் பியர் காய்ச்சப் போய்விட்டார்! நம் செக்றோலில் இதெல்லாம் எழுதுகிறார்களா? வெறும் 'பேர் இல்லை' என்றுதானே போடுகிறார்கள்.

அதே ஊரில், மூன்றாம் ராம்செஸ் அரசனின் 29ஆம் ஆண்டில், தானியம் வந்து சேரவில்லை. மாதத்தில் 18 நாள் கடந்துவிட்டது. தொழிலாளர்கள் கருவிகளை வைத்துவிட்டுக் கோயிலொன்றின் பின்புறம் போய் உட்கார்ந்தார்கள். பசியோடு வந்திருக்கிறோம், இதை அரசனுக்கும் மந்திரிக்கும் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார்கள். தானியம் வந்தது, பின்னும் தவறியது, பின்னும் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் இது என்பார்கள். அந்தப் பாப்பிரஸ் சுருள் இத்தாலியின் தூரின் நகரில் இருக்கிறது. எழுதிவைத்தவர் அமென்நக்த் என்ற எழுத்தர். அவர் எழுதியிராவிட்டால், 3,000 ஆண்டுக்கு முன் பட்டினியை எதிர்த்து உட்கார்ந்தவர்களைப் பற்றி நமக்கு எதுவும் தெரிந்திராது.

நம் நாட்டுக்கும் வருகிறேன். அனுராதபுரத்தில் அபயகிரிக்கு அருகே பாறையில் பிராமி எழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வயது 2,000 ஆண்டுக்கு மேல். தமிழ்க் குடும்பத்தலைவர்கள் கூடிய மாடத்தைப் பற்றியது. ஒவ்வொருவர் ஆசனத்திலும் பெயர் வெட்டியிருக்கிறது. அவர்களில் ஒருவர் நாவிகர், கப்பலோட்டி. துறைமுகத் தோழர்கள் கவனிக்க! அவருடைய ஆசனம் மற்றவற்றைவிட உயரம். பெயர் கல்லில் இருப்பதால் அந்த இடம் யாருடையது என்ற கேள்வியே இல்லை. இங்கே பெரியகுளத்துக்கு அருகே வெல்கம் விகாரையிலும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இராசராசப் பெரும்பள்ளிக்கு விளக்கும் பசுவும் கொடுத்ததை எழுதிவைத்தார்கள். கொடுத்தவர் மனம் மாறினாலும் கல் மாறாதல்லவா.

நம்மவர் கையில் கிடைத்த முதல் எழுத்து எது? துண்டு. கடனைத் தீர்த்தால் ஆளை விடலாம் என்று துரை எழுதித்தரும் சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. எழுத்து அங்கே விலங்காயிருந்தது. 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது கதை தலைகீழாயிற்று. அப்பன் இங்கே பிறந்தான், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவர்களுக்குக் காகிதம் எங்கே? நாடற்றவர் ஆனோம். இந்த மாவட்டத்தில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் அதை அனுபவித்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

இன்று சம்பளத் துண்டு கையில் வருகிறது. அதைப் படிக்காமல் மடித்து இடுப்பில் செருகுகிறோம். நிறுவையில் கூடைக்கென்று எத்தனை கிலோ கழித்தார்கள், எத்தனை நாள் அரைப் பேர் போட்டார்கள், சேமலாப நிதிக்குப் பிடித்த பணம் கணக்கில் சேர்ந்ததா? எகிப்தியர் கல்துண்டில் எழுதினார்கள். நமக்கு ஒரு கொப்பி போதும். நிறுத்த கிலோவை அன்றன்றைக்கே எழுதுங்கள். எழுத வராத அம்மாமாருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஆளுக்கு மூன்று மாதச் சம்பளத் துண்டுகளைக் கொண்டுவாருங்கள். கொப்பியோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அங்கேயே மனு எழுதுவோம்.