மேகத்துக்கும் உறைமோர் வேண்டும்
(பண்ணை வானொலி உரை)



சித்திரை, வைகாசியிலே பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கமெல்லாம் வெயில் கொளுத்தும். சாயங்காலம் பார்த்தால் கருமேகம் திரண்டு, இடி இடித்து, சில நாள் ஆலங்கட்டியும் விழும். இந்த வெயிலிலே பனிக்கட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள்.

நம் தலைக்கு மேலே சுமார் 5 கிலோ மீட்டர் உயரத்திலே வெப்பம் சைபர் டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இடிமேகமோ அதற்கும் மேலே 12, 15 கிலோ மீட்டர் வரை வளரும். ஆனால், சைபரைத் தாண்டியதும் மேகத்துத் துளிகள் உறைந்துவிடுவதில்லை. சுத்தமான சின்னத் துளி, சைபருக்குக் கீழே 35 டிகிரியிலும் தண்ணீராகவே நிற்கும். காய்ச்சின பால் தானாகத் தயிராகுமா? உறைமோர் விட வேண்டுமல்லவா? மண் தூசியும், இலைகளிலே வாழும் சில பாக்டீரியாக்களும்தான் மேகத்துக்கு உறைமோர்.

ஒரு பனித்துகள் பிறந்துவிட்டால், சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பருக்கும். கனத்து விழும்போது உருகினால் மழை. பெரிதாகி, உருகாமல் வந்தால் ஆலங்கட்டி.

இந்த உறைமோர்த் தூசி மேகத்திலே மிகவும் குறைவு. ஆனால் விமானத்தில் போய் எண்ணினால், பனித்துகள் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது! 1974-ல் ஹாலெட், மாசப் என்ற விஞ்ஞானிகள் ஒரு காரணம் சொன்னார்கள். சைபருக்குக் கீழே 3 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரிலே, விழுகிற பனி உருண்டையின் மேல் நீர்த்துளிகள் மோதி உறையும்போது சிறு சில்லுகள் தெறிக்கின்றன. ஒவ்வொரு சில்லும் ஒரு புது விதை. ஒரு சோளம் ஒரு கதிராவது போலத்தான். அவை தெறிக்கும் விதத்தை இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள்.

1946-ல் அமெரிக்காவிலே ஷேஃபர் உலர்பனியையும், வானகட் சில்வர் அயோடைடையும் கொண்டு மேகத்தை உறைய வைக்கலாம் என்று கண்டார்கள். நம் தமிழக அரசும் 1980-களிலும், 1993-94-லும் வறட்சியின்போது செயற்கை மழைக்கு முயன்றது. ஆனால் பால் இல்லாமல் மோரை மட்டும் விட்டால் தயிர் ஏது? மேகம் இல்லாத வானத்திலே எந்த மருந்தும் பலிக்காது. நாம் இருப்பது மேற்கு மலையின் மழை மறைவுப் பகுதி. ஆடிக் காற்றோடு ஓடும் மேகங்கள் பெரும்பாலும் அந்தக் குளிர் உயரத்தைத் தொடுவதே இல்லை.

ஆகவே, செயற்கை மழையை நம்பி விதைப்பைத் தள்ளிப் போடாதீர்கள். கிடைக்கிற கோடை மழையை மண்ணிலே நிறுத்துங்கள். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், வரப்பை உயர்த்துங்கள், பண்ணைக் குட்டை வெட்டுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். மேகத்துக்குள் பனி உருண்டையும் பனித்துகளும் மோதி உரசுவதால்தான் மின்னல் உண்டாகிறது. இடிச் சத்தம் கேட்டதுமே மரத்தடியை விட்டு நல்ல கட்டடத்துக்குள் போய்விடுங்கள். ஆடு மாடுகளைக் கம்பி வேலியோரம், தனி மரத்தடியில் கட்டாதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பிறகே காட்டுக்குத் திரும்புங்கள். வேலை காத்திருக்கும், உயிர் போனால் வராது.