விசா கையில் வரும் முன்னே கணக்குப் பாருங்கள்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்று எந்தக் கிராமத்துக்குப் போனாலும் "பையனுக்கு விசா வந்துவிட்டதா?" என்ற பேச்சுக் கேட்கிறது. மில்லில் வேலை நிரந்தரமில்லை. வயலில் நடவும் அறுப்பும் போனால் மீதி நாட்களில் கூலியில்லை. ஆகவே துபாய், கத்தார், மலேஷியா என்று வாலிபர்கள் கிளம்புகிறார்கள்.

போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. வெளிநாடு செல்வது மனிதனின் தனிச் சுதந்திரத்தில் அடங்கியது, சர்க்கார் தன் இஷ்டப்படி பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது என்று 1967இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகுதான் அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டமே வந்தது. போகும் உரிமை உண்டு. எப்படிப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

பாஸ்போர்ட் நம் சர்க்கார் கொடுப்பது. விசா, போகிற நாடு கொடுப்பது. இன்ன காரியத்துக்கு, இத்தனை நாளுக்கு உள்ளே வரலாம் என்ற அனுமதி அது. இந்த "இன்ன காரியம்" என்பதில்தான் மோசடி நடக்கிறது. சுற்றிப் பார்க்கும் விசாவைக் கையில் கொடுத்து, "போனதும் வேலை விசாவாக மாற்றிக் கொள்ளலாம்" என்கிறான் ஏஜெண்டு. அதை நம்பிப் போய் வேலை செய்பவன் அந்நாட்டுச் சட்டப்படி குற்றவாளியாகிறான். கூலி பாக்கியைக் கேட்டால், போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்று முதலாளி மிரட்டுகிறான். இவன் யாரிடம் முறையிடுவான்?

கணக்கையும் பாருங்கள். ஒரு விவசாயத் தோழரிடம் ஏஜெண்டு கேட்டது ஒன்றரை லட்சம் ரூபாய். அவர் வாங்க நினைத்த கடன் நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 4,500 ரூபாய் வட்டி. இரண்டு வருஷத்தில் 1,08,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும்! பாலைவனத்து வெயிலில் அவர் உழைப்பது குடும்பத்துக்கா, வட்டிக்காரனுக்கா?

சட்டம் என்ன சொல்கிறது? 1983ஆம் ஆண்டு எமிகிரேஷன் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஏஜெண்டு, சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம். ரசீது தர வேண்டும். ஆனால் இதுவும் நியாயமல்ல. ஆள் வேண்டியவன் முதலாளி. செலவும் அவனுடையதாகவே இருக்க வேண்டும். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே 1997இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் நிறைவேற்றிய 181ஆம் எண் உடன்படிக்கையின் பொது விதி. இந்தியா அதில் கையெழுத்திட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

இது புதிய கதையல்ல. நம் பாட்டன்மார்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டு போனார்கள். அந்தக் கடன் தோட்டத்தில் காலைக் கட்டியது. 1938இல் மலேயா ரப்பர் தோட்டங்களில் கூலியைக் குறைத்தபோது, இந்திய சர்க்கார் அங்கே கூலியாட்களை அனுப்புவதையே தடை செய்தது. அடிமை இந்தியாவின் சர்க்காரே அன்று செய்ய முடிந்தது என்றால், இன்று ஏன் கேட்கக் கூடாது?

பத்தாவது தேறாதவர்கள் கவனிக்க வேண்டும். வளைகுடா நாடுகளும் மலேஷியாவும் உள்பட 18 நாடுகளுக்கு நீங்கள் வேலைக்குப் போக, எமிகிரேஷன் காரியாலயத்தின் அனுமதி வேண்டும். இதை வெறும் தொல்லை என்று நினைக்காதீர்கள். அந்த அனுமதிக்காக உங்கள் ஒப்பந்தம் சர்க்காரிடம் பதிவாகிறது. இன்ஷூரன்ஸும் உண்டு. இரண்டு வருஷத்துக்குப் பிரிமியம் 275 ரூபாய். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய். சுற்றுலா விசாவில் போகிறவனுக்கு இந்தக் காப்பு எதுவும் இல்லை.

ஆகவே பணம் கொடுக்கும் முன் நான்கு காரியம் செய்யுங்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய சர்க்காரின் பட்டியலில் சரிபாருங்கள். தமிழ்நாடு அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் கூலி, வேலை நேரம், தங்குமிடம், திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் வைத்துப் போங்கள்.

அங்கே முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தால், அது இந்திய சர்க்காரின் சொத்து என்று சட்டமே சொல்கிறது என்பதை நினைவில் வையுங்கள். தூதரகத்தில் புகார் கொடுங்கள்.

ஒற்றுமையால் எதுவும் மாறாதா? மாறும். முதலாளியின் சம்மதச் சீட்டு இல்லாமல் வேறு வேலைக்குப் போக முடியாது என்றிருந்த கத்தாரில், 2020இல் அந்த விதி நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலியும் அமலுக்கு வந்தது. பல ஆண்டுகள் உலகத் தொழிற்சங்கங்கள் எழுப்பிய குரலுக்கு இதில் பெரும் பங்குண்டு.

தோழர்களே! தனியாக ஏஜெண்டு வீட்டுத் திண்ணையில் உட்காராதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள், காகிதத்தைக் காட்டுங்கள், நாலு பேராகச் சேர்ந்து விசாரியுங்கள். நிலத்தை அடகு வைத்த பிறகு வருவதைவிட, வைக்கும் முன்னே வாருங்கள்!