கைவேலைக்கு விலை வைப்பது எப்படி?

(நாகபுரியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விலை வைப்பது பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு, முப்பத்தாறு வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். என் உழைப்புக்கு நான் ஒருநாளும் விலை சொன்னதில்லை. சம்பளக் கமிஷன் சொல்லிவிட்டது! நம்மில் பலரும் அப்படியே வாழ்ந்தவர்கள். அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் தஞ்சாவூர் படம் செய்தாலும், பிள்ளைகள் காமிராவுடன் கிளம்பினாலும், என்ன விலை கேட்பது என்று தெரியாமல் விழிக்கிறோம்.

முதலில் எங்காத்துக் கதை. என் மனைவி 15க்கு 12 அங்குல அளவில் ஒரு கிருஷ்ணர் படம் செய்து, தெரிந்தவருக்கு 6,000 ரூபாய்க்குக் கொடுத்தாள். வாங்கியவருக்கும் சந்தோஷம், இவளுக்கும் சந்தோஷம். நான் காகிதத்தை எடுத்தேன். பலகை, துணி, கற்கள், தங்க ரேக்கு எல்லாம் சேர்ந்து 3,000. கண்ணாடிச் சட்டம் 1,500. போக்குவரத்து, சில்லறைச் செலவு 500. ஆக 5,000. வேலை செய்த நேரம் 40 மணி. மிச்சமான 1,000 ரூபாயை 40ஆல் வகுத்தால் மணிக்கு 25 ரூபாய். "பாத்திரம் தேய்க்கிறவளுக்கு இதைவிட ஜாஸ்தி கொடுக்கறோமே!" என்றாள் அவள். அதற்குமேல் அன்று அவள் பேசவில்லை.

ஆகவே முதல் விதி: பொருள், நேரம், இதரச் செலவு மூன்றையும் எழுதிவையுங்கள். மணிக்கு 150 ரூபாய் என்று வைத்தாலே அந்தப் படம் 11,000 ஆகிறது. இது அடிமட்ட விலை. கைத்தேர்ச்சியும் பெயரும் வளர வளர மணிக்கூலியை உயர்த்த வேண்டும்.

இரண்டாவது, அளவு. 180 சதுர அங்குலத்துக்கு 11,000 என்றால் சதுர அங்குலம் சுமார் 61 ரூபாய். 20க்கு 16 படத்துக்கு இதே கணக்கில் 19,500 வரும். ஆனால் சிறிய படத்தில் இந்தக் கணக்கு கையைக் கடிக்கும். முகம் எழுதும் நேரம் அளவோடு சேர்ந்து குறைவதில்லை. அதற்குத் தனி அடிமட்ட விலை வையுங்கள்.

மூன்றாவது, கமிஷன். காலரிகள் பொதுவாக 30 முதல் 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்கின்றன. 40 சதவீதம் என்றால், 11,000உடன் 40 சதவீதம் கூட்டி 15,400 என்று எழுதுகிறார்கள். தவறு! அதில் 40 சதவீதம் போனால் கையில் நிற்பது 9,240தான். 11,000ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும். சுமார் 18,350 வரும். காலரியில் ஒரு விலை, வீட்டில் வேறு விலை என்றும் வைக்காதீர்கள். நம்பிக்கை போய்விடும்.

போட்டோகிராபர்களுக்கு வருகிறேன். ஒரு நாள் உபநயனம் என்றால் ஒரு நாள் வேலை என்று நினைக்கிறோம். படங்களைத் தேர்ந்தெடுத்து, திருத்தி, ஆல்பம் தயாரிக்க இன்னும் மூன்று நாள். வருஷத்துக்கு 50 நிகழ்ச்சி என்றால் 200 நாள் போயிற்று. 3 லட்ச ரூபாய்க் காமிராவும் லென்ஸும் ஐந்து வருஷம் உழைத்தால் வருஷத் தேய்மானம் 60,000. கம்ப்யூட்டர், இன்ஷூரன்ஸ் முதலியவற்றுக்கு 90,000. குடும்பத்துக்கு 6 லட்சம். மொத்தம் ஏழரை லட்சம். 50ஆல் வகுத்தால் நிகழ்ச்சிக்கு 15,000. உதவியாளர் கூலியும் ஆல்பம் அச்சுக்கூலியும் இதில் சேரவில்லை.

நான்காவது, உரிமை. 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கோ, வரையச் சொன்ன ஓவியத்துக்கோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். நீங்களாக வரைந்து விற்ற படத்தில் உரிமை உங்களிடமே இருக்கும். வாங்கியவர் சுவரில் மாட்டலாம். காலண்டர் அடிக்கத் தனிக் கட்டணம். உரிமையை எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்று 19ஆவது பிரிவு சொல்கிறது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்தார். அவருடைய அசல் ஓவியங்கள் அரண்மனைக்குப் போயின. அச்சுப் படங்கள் நம் பூஜை அறைக்கு வந்தன. அசலுக்கும் பிரதிக்கும் தனித்தனி விலை என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. என் பேரன் உபநயனத்துக்குப் படம் எடுத்தது நம் மனுஷாளில் ஒரு பையன். "நம்மாத்துப் பையன்தானே, பார்த்துப் போடு" என்று சொல்லி, அவன் கேட்டதில் பாதியைத்தான் கொடுத்தேன். புரோகிதருக்கும் சமையல்காரருக்கும் பேசியதைக் குறைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவனைப் பார்த்தேன். காமிராவை விற்றுவிட்டு ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "கட்டுப்படியாகலை மாமா" என்றான். என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் என் பங்கும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

இன்று நான் போட்ட கணக்கை அன்றே போட்டிருந்தால், அவன் கேட்டது நியாயமான தொகை என்று புரிந்திருக்கும். விலை சொல்பவர்கள் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கேட்பவர்கள், நம்மவர் என்பதற்காகக் குறைக்காமல், நம்மவர் என்பதற்காகவே முழுதாகக் கொடுங்கள்.